கிண்டியில் குதிரை ஓடியது போதும். இனி குமாஸ்தா ஓடட்டும்!

நாற்பத்தைந்து வயது குமாஸ்தா ஒருவர் அரை டிராயர் மாட்டிக்கொண்டு காலை ஐந்தரை மணிக்குத் தெருவில் ஓடினால் என்ன நடக்கும்?

முதலில் நாய் துரத்தும். அடுத்து டீக்கடை வாசலில் நிற்பவர், "என்ன சார், யாராவது துரத்துறாங்களா?" என்பார். வீட்டுக்குத் திரும்பினால் சம்சாரம், "ஏங்க, பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கற வயசுல இதெல்லாம் தேவையா?" என்று காபியை டொக் என்று வைப்பார்.

இத்தனையும் தாண்டி அந்த மனிதர் ஓடுகிறார். ஒரு வருஷம் விடாமல் ஓடுகிறார். பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போகிறது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. அப்போது அவருக்கு ஓர் ஆசை வருகிறது. ஒரே ஒரு பந்தயத்தில் ஓடிப் பார்த்தால் என்ன?

ரோட்டு ஓட்டம் என்றால் சென்னையில் பஞ்சமே இல்லை. பணம் கட்டினால் பனியன், ஓடி முடித்தால் மெடல், கையில் ஒரு வாழைப்பழம். ஆனால் மண்ணிலும் புல்லிலும் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடுகிற ஓட்டம் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் கிராஸ் கன்ட்ரி. கல்லூரி மாணவர்களும் போலீஸ்காரர்களும் ராணுவத்தாரும் ஓடுவார்கள். நாற்பதைத் தாண்டிய நம்ம குமாஸ்தாவும் மளிகைக் கடைக்காரரும் அதை முதல் தடவையாக ஓட ஆசைப்பட்டால் எங்கே போய்ப் பழகுவது? தார் ரோட்டிலா?

இதுதான் விவகாரம். சிரித்துவிட்டுப் போகிற விவகாரம் இல்லை.

மூத்தோர் என்றால் தாத்தாவா?

மூத்தோர் தடகளம் என்றதும் கைத்தடி ஊன்றிய தாத்தா என்று நினைத்துவிட வேண்டாம். தடகளத்தில் 35 வயது ஆனாலே மூத்தோர். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். 35 முதல் 39, 40 முதல் 44 என்று ஐந்தைந்து வயதாகப் பிரித்து, அந்தந்த வயதுக்காரர்களுக்குத் தனித்தனியே பரிசு தருகிறார்கள். நூறு வயதைத் தாண்டியவர்களுக்கும் பிரிவு உண்டு.

முதல் உலகப் போட்டி 1975ல் கனடாவின் டொரோண்டோ நகரில் நடந்தது. ஆசிய மூத்தோர் தடகளப் போட்டி 2025 நவம்பரில் நம்ம நேரு ஸ்டேடியத்திலேயே நடந்தது. ஆக, ஊருக்குப் புதுசு என்று யாரும் சொல்ல முடியாது.

இந்தக் கூட்டத்தாரிடம் ஒரு வேடிக்கை. ஆபீசில் மற்றவர்கள் வயது ஏறினால் பெருமூச்சு விடுவார்கள். இவர்கள் ஸ்வீட் வாங்கிக் கொடுப்பார்கள். காரணம் இருக்கிறது. 44 வயதுக்காரர் தன் பிரிவில் கிழவர். மறுநாள் 45 பிறந்தால் அடுத்த பிரிவில் அவர்தான் குழந்தை! ஹெட்மாஸ்டர் தயவில் ஜூன் மாதம் பிறந்தவர்கள் நம்ம ஊரில் ஏராளம். பள்ளிக்கூட சர்டிபிகேட்டில் வயதைக் கூட்டிப் போட்டதற்காக அப்பாவைத் திட்டிக்கொண்டே இருந்தவர்கள், இந்தப் போட்டிக்கு வந்தால் அப்பாவைக் கும்பிடுவார்கள்.

முயலும் வேட்டை நாயும்

கிராஸ் கன்ட்ரி பிறந்த கதையே ஏறக்குறைய போலீஸ் கதைதான்.

இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிப் பையன்கள் ஆடிய ஆட்டம் அது. ஓரிரு பையன்கள் 'முயல்'. அவர்கள் காகிதத்தைக் கிழித்து வழியெல்லாம் தூவிக்கொண்டே வயல், வேலி, ஓடை என்று தாவி ஓடுவார்கள். மற்றவர்கள் 'வேட்டை நாய்'. தடயத்தைப் பார்த்துத் துரத்த வேண்டும். 1868ல் லண்டனில் இதற்கென்றே ஒரு கிளப் ஆரம்பித்தார்கள். தேம்ஸ் ஹேர் அண்ட் ஹவுண்ட்ஸ் என்று முயலையும் நாயையும் சேர்த்தே பெயர் வைத்தார்கள். அந்த கிளப் இன்னும் இருக்கிறது.

1876ல் தேசியப் போட்டி என்று ஒன்றை எப்பிங் காட்டில் வைத்தார்கள். ஓடப் போனவர்கள் காட்டுக்குள் வழி தவறிவிட்டார்கள். பந்தயம் செல்லாது என்று அறிவித்துவிட்டு, மறு வருஷம் ஒழுங்காக நடத்தினார்கள். சிரிக்க வேண்டாம். மெட்ரோ ரயிலுக்காக ரோட்டைத் திருப்பி விட்டபோது சென்னை ஆட்டோக்காரர்களே திணறவில்லையா?

ஒலிம்பிக்கிலும் இந்த ஓட்டம் இருந்தது. 1912, 1920, 1924 என்று மூன்று முறை. அத்தோடு சரி. 1924ல் பாரீஸ் நகரில் ஜூலை மாத வெயிலில் ஓடவிட்டார்கள். ஓடத் தொடங்கியவர்கள் 38 பேர். ஓடி முடித்தவர்கள் 15 பேர். மற்றவர்கள் பாதியில் நின்றார்கள், விழுந்தார்கள், ஸ்ட்ரெச்சரில் போனார்கள். பின்லாந்தின் பாவோ நூர்மி மட்டும் ஒன்றும் நடக்காதது போல முதலில் வந்து சேர்ந்தார். அந்த வருஷத்தோடு ஒலிம்பிக்கில் கிராஸ் கன்ட்ரிக்கு மூடுவிழா.

பாரீஸ் வெயிலுக்கே அந்தக் கதி என்றால் சென்னை வெயிலுக்கு? ஏப்ரல், மே மாதத்தில் எட்டு மணிக்கு 'சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் கொடி அசைப்போம்' என்று வயதானவர்களை நிறுத்தி வைத்தால் அது விளையாட்டு இல்லை, கேஸ். மார்கழி, தை மாதத்தில் பொழுது விடியும்போதே ஓட்டம் முடிந்துவிட வேண்டும். விருந்தினர் மெதுவாக வந்து பரிசு கொடுத்தால் போதும்.

முதல் ஓட்டத்தில் என்ன நடக்கும்?

ரோட்டில் ஓடிப் பழகியவர் மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொண்டு, கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்குப் போட்டு வருவார். கிராஸ் கன்ட்ரியில் அந்தக் கணக்கு முதல் சேற்றிலேயே செத்துப் போகும். ஈர மண் காலைப் பிடித்து இழுக்கும். புல் மேடு மூச்சைப் பிடுங்கும். வளைவில் வழுக்கும். ரோட்டில் ஆறு நிமிஷத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு இங்கே ஏழரை ஆகலாம், எட்டும் ஆகலாம். அவர் கெட்டுப் போய்விட்டார் என்று அர்த்தமில்லை. தரை அப்படி.

முதல் தடவை ஓடுகிறவர் செய்கிற தப்பு ஒன்றே ஒன்று. விசில் ஊதியதும் கூட்டத்தோடு கூட்டமாகப் பாய்ந்துவிடுவார். தொடங்கும் இடம் மைதானம் மாதிரி அகலமாக இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் பாதை குறுகும். அதற்குள் முந்திவிட வேண்டும் என்று எல்லோரும் பறப்பார்கள். காலை எட்டரை மணிக்கு பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயிலில் ஏறுகிற கூட்டத்தை நினைத்துக்கொள்ளலாம். பழக்கமில்லாதவர் அந்த வேகத்தில் அரை கிலோமீட்டர் போனாரென்றால் மீதி தூரமெல்லாம் தண்டனைதான். அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர் நிதானமாக வந்து, "பாத்து வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார். வலிக்கும். காலில் இல்லை, மனசில்.

ஆனாலும் இந்த ஓட்டத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. அது ரோட்டு ஓட்டத்தில் இல்லை.

கிராஸ் கன்ட்ரி தனி ஆள் பந்தயம் மட்டுமல்ல, குழு பந்தயம். ஒரு குழுவில் இத்தனை பேர் என்று வைத்து, அவரவர் வந்த இடத்தைக் கூட்டுவார்கள். யார் கூட்டுத்தொகை குறைவோ அவர்களுக்குக் கோப்பை. மூன்று பேர் குழு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவில் இருவர் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்துவிட்டார்கள். மூன்றாவது ஆள் 15வது. கூட்டினால் 18. இன்னொரு குழுவில் மூவரும் 4, 5, 6 என்று சேர்ந்து வருகிறார்கள். கூட்டினால் 15. கோப்பை இவர்களுக்கு!

முதல் குழுவின் மூன்றாவது ஆள் கடைசி மேட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு பேரைத் தாண்டியிருந்தால்? 11வது இடம், மொத்தம் 14. கோப்பை கை மாறியிருக்கும். கடைசியில் மூச்சிரைக்க வருகிற தொப்பைக்காரரின் நாலு அடியில் பந்தயமே நிற்கிறது. அதனால்தான் இங்கிலாந்துக் குளிரில், முழங்கால் சேற்றில், முதலில் முடித்தவர்கள் கயிற்றோரம் நின்று கடைசியில் வருகிறவருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். ஆபீசில் இருபது வருஷமாக 'கடைசி சீட்' என்று பெயர் வாங்கிய மனிதருக்கு இப்படி ஒரு கூச்சல் வேறு எங்கே கிடைக்கும்?

நெஞ்சு விஷயம்

'நல்லாத்தான் இருந்தார், ஓடும்போது விழுந்துட்டார்' என்கிற செய்தியும் வரத்தான் செய்கிறது. அதை மறைத்துவிட்டு ஓடு ஓடு என்று உசுப்பேற்றுவது அயோக்கியத்தனம்.

35 வயதைத் தாண்டியவர்கள் ஓடும்போது திடீரென்று இறந்தால், பெரும்பாலும் காரணம் இருதய ரத்தக் குழாயில் இருந்த அடைப்பு. ஓட்டம் அதை உண்டாக்கவில்லை. உள்ளே இருந்ததை வெளியே கொண்டு வந்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, சிகரெட், அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் மாரடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கக் கூடாது. படுத்துக்கொண்டு எடுக்கிற இ.சி.ஜி. நன்றாக இருப்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. தேவைப்பட்டால் டிரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, தலை சுற்றல், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் நிற்க வேண்டும். 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடித்துவிட்டு ஓடக் கூடாது. ரோஷத்துக்கு இடமே இல்லை. காய்ச்சல் விட்ட மறுநாளும் ஓடக் கூடாது.

நடத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. ஆம்புலன்ஸ் வாசலில் நின்றால் போதாது. பாதையின் நடுவில் விழுந்தவரிடம் ஆள் போய்ச் சேர வேண்டும். நின்றுபோன இருதயத்துக்கு அதிர்ச்சி கொடுக்கிற கருவி பக்கத்தில் இருக்க வேண்டும். நெஞ்சை அழுத்தத் தெரிந்த நாலு பேர் வேண்டும். பெரிய மாலை, பெரிய மேடை, பெரிய பேனர் இவற்றுக்கு ஆகிற செலவில் இது கால் பங்கு கூட வராது.

ரோடு கொல்லும்

பௌஜா சிங் கதை எல்லோருக்கும் தெரியும். பஞ்சாப் விவசாயி. 2000ல், தன் 89வது வயதில் லண்டனில் முதல் மாரத்தான் ஓடினார். நூறு வயது என்று சொல்லி 2011ல் டொரோண்டோவில் ஓடினார். பிறந்த சர்டிபிகேட் இல்லாததால் கின்னஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மனிதரை மாரத்தான் ஒன்றும் செய்யவில்லை. 2025 ஜூலையில் ஜலந்தர் பக்கத்தில் சொந்த ஊர் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது வாகனம் மோதி இறந்தார். அப்போது வயது 114 என்றார்கள்.

கனடாவில் எட் விட்லாக் என்று ஒருவர். இளமையில் ஓடி, விட்டுவிட்டு, நடு வயதில் மறுபடி தொடங்கியவர். 2004ல், 73 வயதில், மாரத்தானை மூன்று மணிக்குள் முடித்தார். அவர் பழகிய இடம் எது தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கல்லறைத் தோட்டம். அதையே சுற்றிச் சுற்றி ஓடினார். அங்கே வண்டி வராது!

சென்னையில் ஓடுகிறவர் எங்கே ஓடுகிறார்? பஸ்ஸுக்கும் தண்ணி லாரிக்கும் நடுவே. பிளாட்பாரத்தில் ஓடலாம் என்றால் அங்கே பைக் வருகிறது. பூங்காவில் எட்டுப் போட்டு நடக்கத்தான் இடம். ஓடினால் எதிரே வருகிற மாமியை இடித்துத் தள்ள வேண்டியதுதான். மெரினா மணலில் ஓடலாமே என்பார்கள். காலைப் புதைக்கிற மணலில் நாற்பது வயதுக் குதிகால் நரம்பைப் போட்டு இழுத்தால் ஆறு மாதம் நொண்ட வேண்டும். வாரத்தில் ஒரு நாள், கொஞ்ச தூரம் என்றால் சரி.

பெண்களின் பாடு இன்னும் மோசம். 2025 மார்ச் 25 காலையை மறந்திருக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் தென்சென்னையில் இடம் விட்டு இடம் சங்கிலி பறிப்பு. பறிகொடுத்தவர்களில் வயதான பெண்கள் பலர். அதற்குப் பிறகு எத்தனை வீட்டில், "வாக்கிங்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று கதவைச் சாத்தியிருப்பார்கள்? பஞ்சாபிப் பாட்டி மான் கவுர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017ல் 101 வயதில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 100 மீட்டர் ஓடினார். அவருக்குப் பழக மைதானம் இருந்தது. சைதாப்பேட்டை அம்மாவுக்கு என்ன இருக்கிறது? மொட்டை மாடி.

118 ஏக்கர்

இந்த நிலைமையில்தான் கிண்டி ரேஸ் கோர்ஸ் பேச்சு வருகிறது.

160 ஏக்கர் அரசு நிலம். 99 வருஷக் குத்தகை. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். கிண்டியில் இன்று ஒற்றை அறைக்கு மாத அட்வான்ஸ் என்ன என்று கேட்டுப் பார்த்தால் இந்தக் கணக்கின் அழகு புரியும். வாடகை பாக்கி 730 கோடி ரூபாய்க்கு மேல் என்று சொல்லி, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து நிலத்தை எடுத்தது. அதில் 118 ஏக்கர் பூங்காவுக்கு என்று தோட்டக்கலைத் துறைக்குப் போனது. குளம் வெட்டினார்கள். கோர்ட்டில் வழக்கும் நடந்தது. வழக்கு கோர்ட்டு பார்த்துக்கொள்ளும்.

பூங்கா வருகிறபோது, அதைச் சுற்றி ஒரு மண் பாதை போடட்டும். இதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

குதிரை ஓடிய இடத்தில் மனிதன் ஓடுவது ஒன்றும் விசித்திரமில்லை. முதல் சர்வதேச கிராஸ் கன்ட்ரி போட்டி 1903ல் நடந்தது ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் பார்க் ரேஸ் கோர்ஸில். 1973ல் பெல்ஜியத்தின் வாரெகெமில் இன்றைய உலகப் போட்டி தொடங்கியதும் ரேஸ் கோர்ஸில்தான். 1976ல் செப்ஸ்டோ, 1980ல் பாரீசின் லோஞ்சாம், 1981ல் மாட்ரிட்டின் சார்சுவேலா, எல்லாமே குதிரைப் பந்தய மைதானம். சுற்றிலும் புல், நடுவில் வெட்டவெளி, பார்க்கிறவர்களுக்கு முழு ஓட்டமும் கண்ணில் படும். இதைவிடப் பொருத்தமான தரை தேடினாலும் கிடைக்காது.

"வெள்ளம் வந்தால் தண்ணீர் நிற்கக் குளம் வேண்டாமா? ஏழை பாழைக்கு இடமில்லாத ஊரில் ஓட்டப் பாதை ஒரு கேடா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கணக்குப் பார்ப்போம். இரண்டு கிலோமீட்டர் சுற்று, நாலு மீட்டர் அகலம். மொத்தம் எட்டாயிரம் சதுர மீட்டர். அதாவது இரண்டு ஏக்கர். 118 ஏக்கரில் இரண்டு! குளம் குளமாகவே இருக்கட்டும். பாதை அதன் கரையைச் சுற்றிப் போகட்டும். குளம் வெட்டிய மண்ணைக் கொட்டினால் மேடும் கிடைத்துவிடும். கிராஸ் கன்ட்ரிக்கு மேடு இல்லாமல் ருசியில்லை. மழை பெய்தால் பாதை சேறாகும். ஆகட்டும். ரோட்டுச் சேற்றுக்கு மாநகராட்சியைத் திட்டுகிற சென்னைக்காரர், காசு வாங்காத இந்தச் சேற்றில் சந்தோஷமாக விழுவார்.

பயம் ஒன்றே ஒன்று. எஸ்டிமேட் போடுகிறவர்கள் வந்து, மண் பாதை என்றால் பில் போட முடியாதே என்று சிமென்ட் கல்லைப் பதித்துவிடுவார்கள். ஊர்ப் பூங்காக்களில் அதைத்தானே செய்து வைத்திருக்கிறார்கள்? சிமென்ட்டில் ஓடினால் முழங்கால் முறையிடும். மண்ணை மண்ணாக விடுவதற்கு டெண்டர் தேவையில்லை. ரோலர்கூட வேண்டாம். முள்ளையும் பாட்டில் சில்லையும் பொறுக்க நாலு பேர், பாம்பு பார்க்க இரண்டு பேர் போதும்.

அப்புறம் கேட்டைக் காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். ஆறரை மணிக்குத் திறந்தால் பிரயோஜனமில்லை. ஏழேகால் மின்சார ரயிலைப் பிடிக்கிறவர் எப்போது ஓடி, எப்போது குளித்து, எப்போது டிபன் டப்பா கட்டுவது? வெளிச்சத்துக்கு விளக்கு, பெண்களுக்குக் கதவு சாத்துகிற கக்கூஸ், குடிக்க ஒரு குழாய், பேருக்காவது இல்லாமல் நிஜமாகவே ரோந்து வருகிற ஒரு போலீஸ்காரர். வருஷத்துக்கு ஒரு முறை, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், 35 வயதைத் தாண்டிய யார் வேண்டுமானாலும் ஓடலாம் என்று ஒரு பந்தயம். நுழைவுக் கட்டணம் ஒரு சினிமா டிக்கெட்டுக்கு மேல் போகக் கூடாது. ஷூ இல்லாதவர் வெறுங்காலோடு வந்தாலும் நம்பர் குத்தி உள்ளே விட வேண்டும்.